ரப்பர் எழுத்தின் மேல் தையல்

ஜூன் 6, செவ்வாய்

ரத்தினாவுக்கு இன்று பதினேழாவது டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு இடது கையில் இரண்டு ஊசிகளை ஏற்றினார்கள். பதினொன்று பத்துக்கு முடிந்தது. ஊசி ஏற்றும்போது நான் வெளியே இருந்தேன். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டேனோ என்று பார்க்க வேண்டியிருந்தது. நிழலில்தான் நின்றது.

மூன்றாவது மணி நேரத்தில் மறுபடியும் ரத்த அழுத்தம் இறங்கியது. கால் இழுத்துக்கொண்டது. அந்த அறையில் குளிர் அதிகம். மருத்துவமனைப் போர்வை மெல்லியது, கிருமிநாசினி வாடை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூட மைதானத்து வெயிலில் நின்று விசில் ஊதியவள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தாள்.

திரும்பும் வழியில் சொன்னாள்:

"ஏனுங்க, என்ற டீ-சர்ட்டெல்லாம் பீரோவுல சும்மாதான கெடக்குது? அதையெல்லாம் வெட்டி ஒண்ணாச் சேத்து ஒரு போர்வை தெச்சுப்போடலாமுல்ல?"

"யாரு தைக்கறது?"

"நீங்கதான். இந்தக் கையை வெச்சுக்கிட்டு நானா தெப்பேன்?"

"எனக்குப் பொத்தான்தான் தைக்கத் தெரியும்."

"பொத்தான் தெரிஞ்சாப் பாதி தெரிஞ்ச மாதிரி. மீதியை நான் கட்டல்ல உக்காந்து சொல்றேன்."

டாக்டர் மங்கையர்க்கரசி வராண்டாவில் என்னை நிறுத்திப் பேசினார். ரத்தினாவின் உடம்புக்கு டயாலிசிஸ் ஒத்துக்கொள்ளவில்லை, இப்படியே நெடுநாள் ஓட்ட முடியாது, மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் வழி, வீட்டில் யாராவது கொடுக்க முடியுமா என்று கேட்டார். மகள் இருக்கிறாள் என்றேன். "உங்க ரத்த வகை என்னங்க சார்?" என்றார். நினைவில்லை என்றேன். "அறுபத்தாறெல்லாம் முடியாத வயசு இல்லீங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

ஜூன் 7, புதன்

பீரோவிலிருந்து டீ-சர்ட்டுகளை எடுத்து எண்ணினேன். இருபத்தொன்று. எல்லாம் போட்டிகளில் நடுவர்களுக்குக் கொடுத்தவை. கோ-கோ, கபடி, வாலிபால், மண்டல அளவு, மாவட்ட அளவு, மாநில அளவு. முதுகிலோ மார்பிலோ பெரிய ரப்பர் எழுத்து அச்சிட்டிருக்கிறது. திருப்பூரில் எழுத்து அச்சிடக் காசு வாங்கமாட்டார்களோ என்னவோ, ஒன்றில்கூடக் கஞ்சத்தனம் இல்லை.

பன்னிரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டினால் நான்குக்கு நான்கு, பதினாறு. ஆனால் ஊசி ஏற்றும் இடது கையை எப்போதும் மூடாமல் வைக்க வேண்டும், டெக்னீஷியன் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆகையால் இடது ஓரத்தில் இரண்டாவது சதுரத்தை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பதினைந்து சதுரம். வரைபடம் ஒன்று போட்டுக் காட்டினேன்.

"இதென்ன, பல்லு விழுந்த வாயாட்டம் இருக்குது" என்றாள். கை அந்த வழியாக வெளியே வரும் என்று விளக்கினேன். "சரி, வெட்டுங்க" என்றாள்.

முதல் சட்டையில் கத்தரியை வைத்துவிட்டு வெகுநேரம் வெட்டவில்லை. "அது செத்தா போச்சு? வெட்டுங்கன்னா" என்று அதட்டினாள்.

ஜூன் 8, வியாழன்

பனியன் துணி இழுத்தால் நீளும். அதனால் ஒவ்வொரு சதுரத்தின் பின்புறமும் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் துணியை வைத்து இஸ்திரி போட வேண்டும். ரப்பர் எழுத்தின் மேல் சூடு படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கலைக் கல்லூரியில் வேதியியல் துறையில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன். அந்த அச்சு என்பது பாலிவினைல் குளோரைடு, அதை வளையச் செய்யும் எண்ணெய்ப் பொருள், கொஞ்சம் நிறமி. சூடேறினால் இளகும். இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்.

எனவே பின்புறம்தான் இஸ்திரி போட்டேன். ஆனால் வேலை சுலபமாகும் என்று இரண்டு சதுரங்களை எழுத்தோடு எழுத்தாகக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தேன். சூடு இரண்டு துணியையும் தாண்டி இறங்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒன்றின் எழுத்து மற்றதில் ஒட்டிக்கொண்டு வந்தது. 'தலைமை நடுவர்' என்றிருந்ததில் 'தலைமை'யைக் காணோம்.

ரத்தினாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எது நடந்தாலும் இரண்டு நாளைக்குமேல் மறைத்துவைக்க என்னால் முடிந்ததில்லை. இது எத்தனை தூரம் உண்மை என்று இப்போது தெரியவில்லை.

அவள் சிரித்தாள். "அந்தப் பதவிக்கு அஞ்சு வருசம் அலைஞ்சேன். நீங்க அஞ்சு நிமிசத்துல எறக்கிப்போட்டீங்க."

ஜூன் 9, வெள்ளி

டயாலிசிஸ். வெளியே எடுத்த நீர் 2.4 கிலோ. ரத்த அழுத்தம் ஒருமுறை இறங்கியது. டாக்டரைப் பார்க்கவில்லை. அவர் அந்தப் பக்கம் வரும்போது நான் மருந்துக் கடையில் இருந்தேன்.

ஜூன் 11, ஞாயிறு

பதினைந்து சதுரங்களையும் இணைத்தாயிற்று. இணைக்கும்போது எழுத்துகள் உள்பக்கமாகப் போய்விடுவதால் தொந்தரவு இல்லை. ரத்தினா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் கோணும்போதெல்லாம் "ஃபவுல்!" என்று கத்தினாள். மொத்தம் ஒன்பது ஃபவுல்.

மாலையில் பெங்களூரிலிருந்து மகள் ஹேமா பேசினாள், ரத்தினா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் தையல் மெஷினில் இருந்ததால் முழுதாகக் காதில் விழவில்லை. விழுந்த வரைக்கும் எழுதுகிறேன்.

"அம்மா, நான் டெஸ்ட் எடுத்துக்கறேன். இவரும் சரின்னுட்டார்."

"உன்ற கிட்ட யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

"கண்ணு, உனக்கு முப்பத்திமூணு வயசு. இன்னொரு கொழந்தைக்கு டாக்டரம்மாவைப் பாத்துட்டு இருக்கறே. நீ இப்ப இதைக் குடுத்துட்டு அப்பறம் வயித்துல ஒண்ணு வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா? நான் என்னத்துக்குப் பொழைச்சுக் கெடக்கறது?"

"அப்போ வேற யாரும்மா இருக்காங்க?"

நான் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு பார்த்தால் பாபினில் அடிநூல் தீர்ந்து அரை மணி நேரமாகிவிட்டிருந்தது போலும். துணியில் வெறும் துளைகள்.

ஜூன் 12, திங்கள்

இன்றுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது.

மேலே டீ-சர்ட் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் பழைய ஃபிளானல் விரிப்பு. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தால்தான் பஞ்சு ஒரு பக்கமாகத் திரளாது. அந்தத் தையல் எழுத்துகளின் மேல் போய்த்தான் ஆக வேண்டும். வெறும் துணியில் வழுக்கிக்கொண்டு போன மெஷின் எழுத்தின் விளிம்பைத் தொட்டதும் நின்றது. துணியை மேலிருந்து அழுத்தும் இரும்புப் பாதம் ரப்பரைப் பற்றிக்கொள்கிறது. அடியில் இருக்கும் பற்கள் துணியை இழுக்கின்றன, மேலே பாதம் விடமாட்டேன் என்கிறது. ஊசி மட்டும் ஒரே இடத்தில் இறங்கி இறங்கி ஏறுகிறது.

தபால்தலையின் ஓரம்போல் எழுத்தில் வரிசையாகத் துளைகள் விழுந்துவிட்டன. துணி என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், இழைகள் கூடிக்கொள்ளும். ரப்பர் கூடிக்கொள்ளாது. ஒருமுறை குத்தியது குத்தியதுதான்.

இதனால் ஒவ்வொரு கோட்டையும் தொடங்குவதற்கு முன் வெகுநேரம் யோசிக்க வேண்டியிருக்கிறது. என் சுபாவத்துக்கு இது நல்லதல்ல.

ஜூன் 14, புதன்

மெஷின் உதிரிபாகக் கடைக்குப் போனேன். தோல், ரெக்ஸின் தைப்பவர்கள் ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் பாதம் போட்டுக்கொள்வார்கள் என்று படித்திருந்தேன். கடைக்காரர் நான்கு பேருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கும்வரை ஓரமாக நின்றேன். பிறகு வந்தவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"சாமி, ரொம்ப நேரமா நிக்கறீங்களே, சாமானம் வாங்கவா, ஃபேன் காத்துக்கா?" என்றார் கடைக்காரர்.

சொன்னேன். ஒரு வெள்ளைப் பாதத்தை எடுத்து என் மெஷினின் பெயரைக் கேட்டார். "வீட்டு மெஷினுங்களா? இது கம்பெனி மெஷினுக்குத்தான் ஆகும். உங்குளுதுல காலு எட்டாது. எதுக்கு வெட்டியாச் செலவு? முகத்துக்குப் போடற பவுடரு இருக்குதுங்களா? எழுத்து மேல கொஞ்சம் தூவித் தேய்ச்சுட்டு ஓட்டுங்க. வெண்ணெயாட்டம் போகும்."

ஓட்டிப் பார்த்தேன். போனது. இவ்வளவு சுலபமான விஷயத்தை நானே யோசித்திருக்கலாம். டால்க் என்பது மெக்னீசியம் சிலிக்கேட், தகடு தகடாக வழுக்கும். இதுவும் பாடத்தில் இருந்தது. தையலின் நீளத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன். துளைகள் நெருங்கி விழாமலிருக்கும்.

ஜூன் 17, சனி

நெடுக்குக் கோடுகள் எல்லாம் முடிந்தன. குறுக்குக் கோடுகள் பாக்கி. நேற்றும் டயாலிசிஸில் நடுங்கினாள். "பாதி தெச்சது போதும், வர்ற செவ்வாக்கெழமை கொண்டாங்க" என்கிறாள்.

பாபின் பெட்டியின் திருகைக் கழற்றச் சின்னத் திருப்புளி தேடியபோது மேஜை இழுப்பறையில் என் கல்லூரி அடையாள அட்டை அகப்பட்டது. தலைமுடி கறுப்பாக இருக்கும் படம். ரத்த வகை: பி பாசிட்டிவ். ரத்தினாவின் வகையும் அதுதான்.

நினைவில்லை என்று டாக்டரிடம் சொன்னபோது உண்மையிலேயே நினைவில்லாமல் இருந்திருக்கலாம். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன். இருந்த இடம் மேலே. வைத்த இடம் அடியில்.

ஜூன் 20, செவ்வாய்

போர்வையைக் கொண்டுபோனோம். இடது கை விட்டிருந்த இடத்தின் வழியாக வெளியே வந்தது, அளவு சரியாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுத்துகளைப் படித்தார்கள். ஒருவர், "டீச்சர், எந்த மேட்சுல இருக்கீங்க இப்ப?" என்று கேட்டார். "எக்ஸ்ட்ரா டைமுங்க" என்றாள் ரத்தினா. ஒரு மணி நேரம் நடுக்கம் இல்லை.

அப்புறம் டெக்னீஷியன் பானு கையைப் பார்க்க வந்தார். ஊசியைச் சுற்றியிருந்த பிளாஸ்திரியின் மேல் வெள்ளையாகத் தூசு. விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது, பவுடரா? ஊசி போற எடத்துல பவுடரா? இன்ஃபெக்ஷன் ஆச்சுன்னா இந்தக் கையே போயிரும், தெரியுமா? யாரு பண்ணுன வேலை இது?"

தையலில் தங்கியிருந்த பவுடர் அசையும்போதெல்லாம் உதிர்ந்திருக்கிறது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நாந்தான் கண்ணு" என்றாள் ரத்தினா. "காத்தால முகத்துக்குப் போட்டேன். சிந்திருச்சு."

"இந்த வயசுல மேக்கப்பா டீச்சர்?" பானு பாதிக் கோபமாகவும் பாதிச் சிரிப்பாகவும் கையைத் துடைத்து மருந்து வைத்தார். போர்வையைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டி என்னிடம் கொடுத்தார். நன்றி என்றேன். மீதி மூன்று மணி நேரம் ரத்தினா மருத்துவமனைப் போர்வையில் இருந்தாள்.

நான் தைத்தது என்று சொல்ல நிறைய நேரம் இருந்தது.

ஜூன் 21, புதன்

போர்வையை வெந்நீர் இல்லாமல் மூன்று தடவை அலசிக் காயப்போட்டேன். ரத்தினாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்தேன். இல்லை.

ஜூன் 23, வெள்ளி

டாக்டர் வார்டுக்கே வந்துவிட்டார். எனக்கு மருந்துக் கடைக்குப் போக நேரமில்லை.

"சார், யோசிச்சீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் ரத்தினா படுத்தபடியே சொன்னாள்: "அவுருக்குச் சக்கரை இருக்குதுங்க டாக்டர். பத்து வருசமா. அவுரு ஆகமாட்டாருங்க."

"அப்படியா? சார் சொல்லவே இல்லையே. சர்க்கரை இருந்தா எடுக்க முடியாது. அப்போ மகள்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் சர்க்கரை அளவு, ஏப்ரல் 2 அன்று எடுத்தது: வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பின் 117.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"பின்ன? அந்தம்மா ஒவ்வொருக்காவும் கேக்கறப்ப உங்க மொகம் போற போக்கைப் பாக்கச் சகிக்கலீங்க. ஊசின்னாலே உங்குளுக்குக் கண்ணு இருட்டும். ஹேமா பொறந்தப்ப ரத்தம் குடுக்கச் சொன்னாங்கன்னு ஆஸ்பத்திரிய விட்டே ஓடிப்போய்ப் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தீங்களே, எனக்குத் தெரியாதா? முப்பத்தேழு வருசமாக் கோட்டுக்கு அந்தாண்டையே நின்ன மனுசனை இப்பப் புடிச்சு உள்ளார இழுக்கறதா? புள்ளகிட்டயும் வாங்கமாட்டேன், ஓடற வரைக்கும் டயாலிசிஸ்லயே ஓடட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. மோர் கேட்டாள். அரை டம்ளர்தான் குடிக்கலாம், அளந்து கொடுத்தேன்.

அவள் நல்லவள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதியதும் அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், அடிக்கவில்லை.

ஜூன் 25, ஞாயிறு

ஹேமா வந்துவிட்டாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் பரிசோதனை. அம்மாவும் மகளும் சமையலறையில் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு சேர்ந்து கீரை ஆய்ந்தார்கள்.

சாப்பிடும்போது ஹேமா கேட்டாள். "அப்பா, உங்களுக்குச் சுகராமே. எப்போலேர்ந்து? என்கிட்டச் சொல்லவே இல்ல."

ரத்தினா என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம்தான்" என்றேன்.

"கொஞ்சமோ நெறயவோ, வெல்லம் போட்ட பாயசத்தை ரெண்டு தடவை வாங்கிக்கறீங்க" என்று என் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 26, திங்கள்

பவுடர் இனி ஆகாது. இன்று பட்டர் பேப்பரைப் பயன்படுத்திப் பார்த்தேன், கேக் செய்கிறவர்கள் தட்டில் விரிப்பது. இரண்டங்குல அகலத்தில் கீற்றாக நறுக்கி எழுத்தின் மேல் வைத்து, தாளோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பாதம் தாளின் மேல் நடக்கிறது, ரப்பர் அதன் கண்ணுக்கே படுவதில்லை. தைத்து முடிந்ததும் தாளைக் கிழித்துவிடலாம், தையல் போட்ட துளைகளின் வழியாகவே கிழிந்து வரும். உதிர எதுவும் மிச்சமில்லை.

ஹேமா எதிரில் உட்கார்ந்து தையலில் மாட்டிய தாள் துணுக்குகளைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடுங்கினாள். வேலை செய்துகொண்டே தொலைபேசியில் தன் மகளிடம், "அம்மாக்கு ஒரு சின்ன ஊசி போட்டுட்டு வந்துருவேன்டா தங்கம். இல்ல, அழ மாட்டேன். ஸ்டிராங் கேர்ள்தானே நான்" என்றாள். கை கொஞ்சம் நடுங்கியது. என் கைதான் அப்படி நடுங்கும். அவளுக்கு அது என்னிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

மூன்று குறுக்குக் கோடுகளும் முடிந்தன. ஃபவுல் இல்லை. ரத்தினா தூங்கிவிட்டதால் இருக்கலாம்.

ஜூன் 27, செவ்வாய்

ரத்தினாவை டயாலிசிஸில் சேர்த்துவிட்டு நானும் ஹேமாவும் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்தோம். டோக்கன் 14. சுவரில் சிறுநீரகத்தின் படம். ஹேமா ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். வயது, எடை, குழந்தைகள் எத்தனை. 'மேலும் குழந்தைகள் பெறும் எண்ணம் உண்டா' என்று ஒரு கேள்வி. அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போனாள். எல்லாம் எழுதி முடித்துவிட்டு மறுபடியும் அந்தக் கேள்விக்கு வந்தாள். 'இல்லை' என்று எழுதினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படிவத்தை வாங்கினார். நான் எழுந்து நின்றேன். எதற்காக எழுந்தேன் என்று தெரியவில்லை, கல்லூரியில் முதல்வர் அறையில் அப்படி நின்று பழக்கம்.

"எனக்குச் சர்க்கரை இல்லைங்க டாக்டர்."

"என்னங்க சார்?" என்றார்.

"சர்க்கரை இல்லைங்க. ரத்த வகை பி பாசிட்டிவ்."

"அப்பா?" என்றாள் ஹேமா.

"அன்னிக்கு அம்மா பத்து வருசம்ன்னு சொன்னாங்களே?" என்றார் டாக்டர்.

"அவ பொய் சொன்னாளுங்க. நான் சும்மா இருந்தேன்."

டாக்டர் என்னையும் ஹேமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹேமாவின் படிவத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "மொதல்ல அப்பாவைப் பாத்துடலாம். அவர் சரியா வரலேன்னா உங்களக் கூப்பிடறேன்" என்றார்.

ஒன்பது சின்னக் குப்பிகளில் ரத்தம் எடுத்தார்கள். நான்காவது குப்பி வரை நினைவிருக்கிறது. விழித்தபோது கால்களை உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள், ஹேமா பழச்சாறு வைத்துக்கொண்டு நின்றாள். "நல்ல டோனர் போங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரத்தினாவிடம் அவள்தான் சொன்னாள். ரத்தினா வீட்டு வாசலில் இறங்கும்போது, "உங்கள யாரு வாயத் தொறக்கச் சொன்னா?" என்றாள்.

ஜூன் 30, வெள்ளி

போர்வையைப் பானு உதறிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கறுப்பு மேஜை விரிப்பின் மேல் தட்டிப் பார்த்தார். பிறகு ரத்தினாவுக்குப் போர்த்திவிட்டார். "அந்தப் பவுடர் நான் போட்டதுங்க" என்றேன். "தெரியும் சார்" என்றார். "டீச்சர் மொகத்துல பவுடரே இல்லையே அன்னிக்கு."

ஜூலை 4, செவ்வாய்

இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர். எக்கோ. மார்பு எக்ஸ்ரே. ஹேமா ஊருக்குப் போய்விட்டாள்.

ஜூலை 6, வியாழன்

சி.டி. ஸ்கேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சூடு பரவியது. கண்களை மூடிக்கொண்டு தனிமங்களின் அட்டவணையைச் சொன்னேன். ஸ்காண்டியம் வரை வந்தது.

ஜூலை 8, சனி

முடிவுகள் செவ்வாய்க்கிழமை.

இதை எழுதாமல் விட்டால் மற்றவற்றை எழுதியதில் பொருளில்லை. ஏதாவது ஒரு குறை வந்துவிட வேண்டும் என்று இந்த நான்கு நாட்களாக விரும்பிக்கொண்டிருக்கிறேன். பெரிய குறை வேண்டாம். ஒரு சின்னக் கல், அல்லது ஒரு கூடுதல் ரத்தக் குழாய். நான் முன்வந்ததும் இருக்கும், கொடுக்க முடியாமல் போனதும் இருக்கும். அப்படியானால் அடுத்தது ஹேமா என்பதும் தெரிந்தேதான் விரும்புகிறேன்.

ரத்தினா என்னிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் தூங்குகிறேனா என்று மட்டும் பார்க்கிறாள். சாப்பாட்டில் எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைக்கிறாள்.

ஜூலை 11, செவ்வாய்

ரத்தினா டயாலிசிஸ் மெஷினில் இருக்கும்போது டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். மேஜை மேல் என் பெயர் எழுதிய கோப்பு.

"எல்லா ரிப்போர்ட்டும் வந்துருச்சுங்க சார். பொருந்துது. உங்க ரெண்டு கிட்னியும் நாப்பது வயசுக்காரனுக்கு இருக்கற மாதிரி இருக்கு. இது இன்னும் நான் யார்கிட்டயும் சொல்லல."

சரிங்க என்றேன்.

"குடுக்க வர்ற எல்லார்கிட்டயும் ஒரு தடவை தனியா வெச்சுக் கேப்பேன். உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா, பயமா இருக்குன்னா, இப்ப என்கிட்டச் சொல்லலாம். ஏன்னு கேக்க மாட்டேன். அம்மாகிட்டயும் உங்க மககிட்டயும் 'பொருந்தலை'ன்னு மட்டும் சொல்லிடுவேன். அவ்வளவுதான். நீங்க சொன்னது இந்த ரூமைத் தாண்டிப் போகாது."

இவ்வளவு மரியாதையாக ஒரு வழியை இதுவரை யாரும் எனக்குத் திறந்துவிட்டதில்லை. சனிக்கிழமை நான் விரும்பியதை அப்படியே கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டார்கள். கல்லும் வேண்டாம், கூடுதல் குழாயும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும்.

"கொஞ்சம் யோசிக்கலாங்களா?"

"தாராளமா யோசிங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

குடித்தேன். யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எதையும் யோசிக்கவில்லை. ஹேமா 'இல்லை' என்று எழுதிய கட்டம் மட்டும் கண்முன் நின்றது. அவளுடைய கையெழுத்து சிறு வயதிலிருந்தே உருண்டையாக இருக்கும். அந்த வார்த்தையை மட்டும் அழுத்தி எழுதியிருந்தாள்.

"பயமா இருக்குங்க" என்றேன்.

"இருக்கும்."

"ரொம்பப் பயமா இருக்குங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

"பொருந்துதுன்னே சொல்லிடுங்க டாக்டர்."

"நிச்சயமா?"

"நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா அவ நம்பமாட்டா."

அவர் வந்து சொன்னார். ரத்தினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். டாக்டர் போன பிறகு போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"உங்கள எதுக்கோ தனியாக் கூப்பிட்டாங்களே. கதவெல்லாம் சாத்திக்கிட்டு, என்ன கேட்டாங்க?"

"பேரு, வயசெல்லாம் சரியான்னு கேட்டாங்க."

"அதுக்கா இத்தன நேரம்?"

"தண்ணி குடுத்தாங்க. குடிச்சேன்" என்றேன்.